ஓலை வராத பத்து ஜாடிகள்

கடலோரத்தில் நெடுந்துறை என்றொரு பட்டினம். அங்கே கப்பலேறும் சரக்குகளைக் காக்கும் பொறுப்பு துறைக்காவலர் கொற்றி என்பவளிடம் இருந்தது. மிளகும் துணியும் தடையின்றிப் போகும். நாபிக் கிழங்குக்கு மட்டும் கெடுபிடி. பக்குவம் செய்தால் அது சுரத்துக்கு மருந்து. அம்பில் தடவினால் எமன். ஆகவே, 'யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று வாங்குபவர் முத்திரையிட்ட ஓலை கைக்கு வரும்வரை, நாபி துறைக்காவலரின் காவலைவிட்டு நீங்கக் கூடாது' என்பது அரசன் வகுத்த விதி. பதவியேற்ற அன்று கொற்றி அதைக் காப்பதாகச் சத்தியம் செய்திருந்தாள்.

ஒருநாள் மணல்தீவிலிருந்து பூதன் என்ற படகோட்டி வந்தான். தீவில் விஷச்சுரம். வைத்தியர் கொடுத்தனுப்பிய ஓலையை வழியில் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது.

"பத்து ஜாடி என்றுதான் எழுதியிருந்தார், அம்மா. நான் போய் வேறு ஓலை வாங்கி வந்து, சரக்கோடு திரும்பப் பன்னிரண்டு நாளாகும். அதற்குள் யார் மிஞ்சுவார்கள்?"

அவன் பொய் சொல்லவில்லை என்றே கொற்றிக்குத் தோன்றியது. ஆனால் தோன்றியதை நம்பி நஞ்சைக் கொடுக்க முடியுமா?

"ஓலையில்லாமல் உம் கையில் தர மாட்டேன்" என்றாள்.

பூதன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். கொற்றி பத்து ஜாடிகளுக்கும் தன் முத்திரையை வைத்து, அவற்றோடு தானும் படகேறினாள். நான்கு நாளும் ஜாடிகளை விட்டு அவள் நகரவில்லை.

அவர்கள் தீவில் இறங்கியதும், ஜாடிகளை எண்ணிப் பார்த்த வைத்தியர் நல்லந்தை திகைத்தார். "நான் கேட்டது ஆறுதானே, அம்மா?"

பூதன் தலைகுனிந்தான். பதற்றத்தில் எண்ணிக்கை மாறியிருந்தது. வைத்தியர் புதிய ஓலை எழுதி முத்திரையிட்டார். அதை வாங்கிப் படித்த பிறகே கொற்றி ஆறு ஜாடிகளைக் கொடுத்தாள். மீதி நான்கை முத்திரை குலையாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். தீவு பிழைத்தது.

செய்தி அரசவைக்குப் போனது. கொற்றியும் பூதனும் வரவழைக்கப்பட்டார்கள். அமைச்சர் சொன்னார்: "ஓலையில்லாமல் நாபி துறையைத் தாண்டியிருக்கிறது. குற்றம். பதவியைப் பறிக்க வேண்டும்."

"குற்றம்தான்" என்றான் பூதன். "ஆனால் எங்கள் உயிரைக் காத்தவர். மன்னித்துவிடுங்கள், அரசே."

அரசனும் மன்னிக்கத் தயாரானான். கொற்றி கைகூப்பினாள். "மன்னிப்பு வேண்டாம், அரசே. நான் விதியை மீறவே இல்லை."

மூவரில் யார் சொன்னது சரி?

விடை: கொற்றி சொன்னதே சரி. துறையைவிட்டு நீங்கக் கூடாது என்று விதி சொல்லவில்லை; காவலைவிட்டு நீங்கக் கூடாது என்கிறது. கடலிலும் அவள் காவல் விலகவில்லை. வாய்ச்சொல்லை நம்பியிருந்தால், மிஞ்சிய நான்கு ஜாடி நஞ்சு யார் கைக்குப் போயிருக்கும்? மன்னிப்பை ஏற்றிருந்தாலோ, நாளை இரக்கத்தின் பேரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் ஓலையில்லாமல் வந்து நிற்பார்கள். இதை உணர்ந்த அரசன், அவைக்கு முன் எழுந்து அவளை வணங்கினான்.