சிவப்புப் பொத்தானும் சிவப்புத் துண்டும்

"முதல் தவறு," என்றார் சங்கத் தலைவர் இன்னாசிமுத்து. "இறால் உரிக்கும் கொட்டகையில் ஒருத்தியின் முழங்கை தவறிப் பட்டு அபாய மணி அடித்துவிட்டது. அதற்காகக் கொட்டகைப் பெண்கள் அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்தினார்கள். செய்தவர் பணியாளர் அதிகாரி செ. ரூபன்."

ஜொஹரா டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இரண்டாவது தவறு. மணியை வாசலிலிருந்து கழற்றி மேலாளர் அறைக்குள் மாட்டினார்கள். இனி யார் மணி அடிக்க வேண்டுமானாலும் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்றார்கள். செய்தவர் மேலாளர் க. தங்கவேல்சாமி."

"மூணாவதுக்கு வாங்க அண்ணாச்சி. உயிர் போனது அதுலதானே?"

"வரிசை மாறக் கூடாது டீச்சர். வந்துகொண்டுதான் இருக்கிறேன்."

இன்னாசிமுத்து பள்ளிக்கூடத்தில் படித்தது குறைவு. துண்டறிக்கைகளில் படித்தது அதிகம். வரிசை குலைந்த அறிக்கையில் எதிராளி அந்த இடைவெளி வழியாகவே உள்ளே வந்துவிடுவான் என்பது அவர் கண்டு தெளிந்த பாடம்.

"மூன்றாவது தவறு. போன மழைக்காலத்தில் ஐஸ் அறைப் பக்கம் அம்மோனியா கசிந்தது. லூர்தம்மாள் என்கிற பெண் மேற்பார்வையாளரிடம் ஓடினாள். அவர் எழுந்திருக்கவில்லை. நிச்சயமாகத் தெரியுமா என்று ஒரு கேள்வி கேட்டார். அவள் இன்னொரு தடவை மோந்து பார்க்கத் திரும்பிப் போனாள். பிறகு வரவில்லை. கேட்டவர் மேற்பார்வையாளர் த. சொர்ணராஜ்."

இந்தப் பட்டியலைச் சங்கத்துப் பொதுக்கூட்டங்களில் அவர் பலமுறை படித்திருக்கிறார். நடந்த தவறை வரிசையில் சொல்லி, செய்தவரின் பெயரைச் சாட்சிகள் முன் உரக்கப் படிப்பது அந்தச் சங்கத்து வழக்கம். முதலாளியின் ஆள், சங்கத்து ஆள் என்ற பேதமெல்லாம் கிடையாது.

"அந்த அம்மா ஏன் திரும்பிப் போனாங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"அறியாமை. சங்கத்தில் சேராதவள்."



ஜொஹரா டீச்சர் எந்தப் பள்ளியிலும் வேலை பார்த்தவர் அல்ல. செயலி செய்கிறவர்கள் அதை அவரிடம் கொண்டுவருவார்கள். அவர் சாதாரண ஆட்களை உட்காரவைத்து அதைப் பயன்படுத்தச் சொல்வார். அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பார். வேலை அவ்வளவுதான். ஆனால் அவர் தலையசைக்காத செயலியை வெளியே விடப் பலரும் பயப்படுவார்கள். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறைகள். முன்னறையில் ஒரு மேசை, சில நாற்காலிகள். பக்கத்து அறையில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் இன்னாசிமுத்துவைவிட மிகவும் இளையவர். அது இன்னாசிமுத்துவுக்கு உறுத்தியது.

"கற்றுக்கொள்ள வந்திருக்கிறேன்," என்றுதான் அவர் சொன்னார். பாராட்டு வாங்கத்தான் வந்திருந்தார்.

போராடி வாங்கிய உரிமை ஒன்று இருந்தது. கொட்டகையின் ஒவ்வொரு தூணிலும் ஒரு போனைக் கட்டித் தொங்கவிட நிர்வாகம் ஒத்துக்கொண்டது. போனுக்குள் போடும் செயலியின் திரைகளை இன்னாசிமுத்துவே காகிதத்தில் வரைந்தார். ஒரு பையன் அதை அப்படியே எழுதிக் கொடுத்தான். சிவப்புப் பொத்தானைத் தட்டினால் எல்லாத் தூணும் சேர்ந்து அலறும், சங்க அலுவலகம் அலறும், தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகும். மறுநாள் காலை ஷிப்டில் மாட்டுவதாக இருந்தது. ஜொஹரா டீச்சர் சரி என்று சொல்லாமல் மாட்டக் கூடாது என்று சங்கக் கமிட்டி சொல்லிவிட்டது.

"கொட்டகையில் எல்லாரிடமும் காட்டிவிட்டேன். ஒருத்தியும் தவறவில்லை," என்றார். "நீங்கள் சரி என்று சொன்னால் கிளம்பிவிடுவேன்."

"எனக்கும் காட்டுங்க."

கூட வந்திருந்த கொட்டகைப் பெண் பேச்சியம்மாளை அவர் கூப்பிட்டார்.

பேச்சியம்மாள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். இன்னாசிமுத்து எதிரே நின்றார். அவள் தட்டினாள். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடியும் தட்டினாள். போன் அலறியது. ஜன்னலில் இருந்த காகம் பறந்தது.

"இரண்டே தட்டு," என்றார் இன்னாசிமுத்து.

"நல்லாப் பார்த்தேன்," என்றார் டீச்சர்.

"எப்படி இருக்கிறது?"

"போனைப் பார்க்கலை அண்ணாச்சி. உங்களைப் பார்த்தேன்."

"என்னிடம் என்ன இருக்கிறது பார்க்க?"

"பேச்சியம்மாளும் உங்களைத்தானே பார்த்தாங்க."

பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லணும்லா. தலைவர் மீசை எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம் தட்டுனா சரியா இருக்கும். கொட்டகையில எல்லாரும் அப்படித்தான் தட்டுனோம்."

"ஏட்டி!" என்றார் இன்னாசிமுத்து.

"அடுத்தவங்களைக் கூப்பிடுங்க," என்றார் டீச்சர். "செயலியை இதுவரைக்கும் பார்க்காதவங்க யாராவது."

சந்தனமாரி கீழே சைக்கிள் கடை நிழலில் நின்றாள். மகள் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தவள். செயலியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் சங்கத்தில் அவளைவிட உறுதியான ஆள் கிடையாது. மறியலில் போலீஸ் வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்தவள் அவள். அவளை அழைத்துவந்ததில் இன்னாசிமுத்துவுக்கு ஒரு கணக்கு இருந்தது. அவள் தட்டுகிற தட்டில் டீச்சர் வாயடைத்துப்போக வேண்டும்.

"நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன்," என்றார் பெருந்தன்மையாக.

"போதாது. முதுகும் பேசும்." டீச்சர் அவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டைக் காட்டினார். "அதைத் தலையோட போர்த்திக்கிடுங்க."

"துண்டையா?"

"ஆமா. வாயும் திறக்கக் கூடாது."

எத்தனையோ ஊர்வலங்களில் அந்தத் துண்டு அவர் தலைக்கு மேலே சுழன்றிருக்கிறது. முகத்தை மூடுவதற்கு அதை அவர் ஒருபோதும் எடுத்ததில்லை. இருந்தாலும் போர்த்திக்கொண்டார். பேச்சியம்மாள் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

துண்டுக்குள் வேர்வை வாடையும் சோப்பு வாடையும். டீச்சர் பக்கத்து அறைக்குப் போகிற சத்தம். ஏதோ ஒரு மூடி திருகித் திறக்கிற சத்தம். திரும்பி வருகிற சத்தம். சற்று நேரத்தில் துண்டையும் தாண்டி மூக்கில் ஒரு காரம் லேசாக ஏறியது. அந்த அம்மோனியா வாடை அவருக்குத் தெரியும். சின்னப் பாட்டில் அளவுதான், ஆபத்தில்லை. ஆனாலும் அதே வாடை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாங்க சந்தனமாரி," என்றார் டீச்சர். "இது உங்க கொட்டகைன்னு நினைச்சுக்கிடுங்க. இந்தப் போன் தூணில தொங்குது. செய்ய வேண்டியதச் செய்யுங்க."

"தலைவருக்கு என்ன, முகத்த மூடிக்கிட்டு உக்காந்திருக்காவ?"

"அவருக்குத் தண்டனை."

"நல்ல தண்டனைதான்." பிறகு குரல் மாறியது. "டீச்சர், கேஸ் வாடை வருது."

"ம்."

தட்டினாள். அவருக்குக் கேட்டது. முதல் தட்டு. நல்ல உறுதியான தட்டு. அவர் துண்டுக்குள் தலையை ஆட்டினார். இன்னும் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

இரண்டாவது தட்டு கேட்கவில்லை.

அவர் காத்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கண் துண்டுக்குள்ளேயே திரையில் 'ஆம்' இருக்கிற பக்கம் போனது. மீசையும் போனது. அதைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

நாற்காலி நகர்ந்தது. செருப்பு நடந்தது. வாசல் பக்கம் இல்லை. பக்கத்து அறைப் பக்கம். வாடை வருகிற பக்கம்.

சந்தனமாரி உள்ளே இருமுவது கேட்டது.

இன்னாசிமுத்து வாயைத் திறந்தார். "பேசக் கூடாது," என்றார் டீச்சர். அவர் தன் வேட்டியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இருமிக்கொண்டே செருப்பு திரும்பி வந்தது.

"ஆமா டீச்சர். கேஸ்தான். மோந்து பார்த்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப நிச்சயமாத் தெரியும்."

தட்டினாள். போன் அலறியது.

அவர் துண்டைப் பிடுங்கி எறிந்தார்.

"எதுக்குடி அங்கே போனாய்? போயிருப்பாயே! கொட்டகையாக இருந்தால் செத்தே போயிருப்பாயே!"

சந்தனமாரி பயந்துபோனாள். "கேட்டுச்சே தலைவரே."

"எது கேட்டது?"

அவள் போனை எடுத்து நீட்டினாள். முதல் தட்டுக்குப் பிறகு வருகிற திரையைக் கொண்டுவந்து காட்டினாள். கீழே இரண்டு கட்டங்கள்: ஆம், இல்லை. அவற்றுக்கு மேலே, அவரே வரைந்து, அவரே சொல் தேர்ந்தெடுத்து, எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும் என்று பையனிடம் சண்டை போட்டு வைத்த வரி இருந்தது.

நிச்சயமாகத் தெரியுமா?

"கேட்டா என்ன செய்ய? பார்க்காம எப்படி ஆமான்னு சொல்ல? தப்பாப் போச்சுன்னா எல்லாரையும்லா வெயிலில நிறுத்துவாங்க."

டீச்சர் போய்ப் பாட்டிலை மூடி, ஜன்னலை அகலத் திறந்துவிட்டு வந்தார்.

"அது தேவை," என்றார் இன்னாசிமுத்து. கடுமையாகத்தான் தொடங்கினார். "கேள்வி இல்லாமல் வைத்தால் மறுபடியும் ஒரு முழங்கை படும். மறுபடியும் வெயிலில் நிறுத்துவார்கள். இந்த மணியையும் பிடுங்குவார்கள். எதிரிக்குச் சாக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் வைத்தேன்."

"நல்ல காரணம்தான்."

"பிறகென்ன?"

"சொர்ணராஜும் ஒரு காரணம் வச்சிருப்பாரு."

அவர் முகம் கறுத்தது. இந்தப் பெயரோடு தன்னைச் சேர்த்துப் பேச இதுவரை யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

"முழங்கை படாதபடி பட்டனை வைக்கலாம்," என்றார் டீச்சர், அதே குரலில். "முதல்ல அலறட்டும். தப்பாத் தட்டிட்டா பிறகு நிறுத்துறதுக்கு ஒரு வழி வைக்கலாம். அதையெல்லாம் நாளைக்குப் பேசிக்கிடலாம். இப்ப ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இங்க நடந்தது தவறா, இல்லையா?"

"தவறுதான்."

"தவறு நடந்தா உங்க சங்கத்துல என்ன செய்வீங்க?"

சந்தனமாரிதான் சொன்னாள், மெதுவாக.

"பேர் படிப்பாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பேச்சியம்மாள் பக்கம் திரும்பினாள். வேலைநிறுத்தத்தன்று வேலைக்குப் போனாள் என்று பேச்சியம்மாளின் பெயர் ஒருமுறை படிக்கப்பட்டது. படித்தவர் இன்னாசிமுத்து. அதற்கப்புறம் வெகுகாலம் கொட்டகையில் அவளோடு யாரும் பேசவில்லை. அவள் உரித்த இறாலைக்கூட அடுத்தவள் தொடவில்லை.

"தலைவரே," என்றாள் சந்தனமாரி. "நான் வேணும்னு போகலை. என் பேரைப் படிச்சிராதீங்க."

வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் படுத்தவளின் குரல் அது.

"சாட்சிக்கு ஆள் இருக்கு," என்றார் டீச்சர். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "படிங்க அண்ணாச்சி."

இன்னாசிமுத்து குனிந்து துண்டை எடுத்தார். உதறினார். தோளில் போட்டுக்கொள்ளவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார். எழுந்து நின்றார்.

"நேராப் பெயருக்கு வரலாமே," என்றார் டீச்சர்.

"வரிசை மாறக் கூடாது."

முதல் தவறைச் சொன்னார். பெயர் படித்தார். இரண்டாவது தவறைச் சொன்னார். பெயர் படித்தார். மூன்றாவது தவறைச் சொல்லும்போது, லூர்தம்மாள் திரும்பிப் போன இடத்தில், எப்போதும் இல்லாதபடி ஒரு கணம் நின்றார். அந்தப் பெயரையும் படித்தார்.

சந்தனமாரி தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சியம்மாள் அவள் கையைப் பிடித்திருந்தாள்.

"நான்காவது தவறு," என்றார். "நம்முடைய மணிக்குள் அதே கேள்வியை வைத்தது. ஒரு பெண்ணை வாடைக்குள் திருப்பி அனுப்பியது. கேட்டவர்..."

குரல் தாழ்ந்தது. மைதானம் நிறைந்த கூட்டத்திலும் மைக் கேட்காதவர் அவர்.

"சத்தமாப் படிங்க தலைவரே," என்றாள் பேச்சியம்மாள். "பின்னால இருக்கவங்களுக்குக் கேக்கலை."

பின்னால் சுவர்தான் இருந்தது.

அவர் நிமிர்ந்தார்.

"சூ. இன்னாசிமுத்து."