கழலாத முனை

தொம்மை விட்ட ஈட்டி மீனில் ஏறவில்லை. ஆசானின் காலில் ஏறியது.

கடல் அன்று கலங்கல். கடலடிப் பாறைகளை அந்தக் கரையில் பார் என்பார்கள். பாரின் இந்தப் பக்கம் தொம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அந்தப் பக்கம் ஆசான் சிலுவைப்பிச்சை. ஒரு களவா மீன் தொம்மையின் முகத்துக்கு நேரே வந்து பாறை இடுக்கில் புகுந்தது. வால் மறைவதைப் பார்த்தான். ஈட்டிக் கம்பில் இழுத்துப் பிடித்திருந்த ரப்பரை விட்டான்.

இடுக்கு மறுபக்கம் திறந்திருந்தது. அதை அவன் பார்க்கவில்லை.

கம்பு எதிலோ தைத்து நின்றது. தொம்மைக்கு ஒரு கணம் சந்தோஷம். தைத்த மீன் நழுவாமல் இருக்க எல்லோரும் இழுப்பது போல அவனும் ஒரு இழு இழுத்தான். கம்பு அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு இடுக்குக்குள் போய்விட்டது. களவாவுக்கு இவ்வளவு பலமா என்று நினைத்தபடியே மேலே வந்தான்.

மேலே ஆசான் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். கம்பு அவர் காலில் தொங்கியது.

வலது கெண்டைச்சதையில் ஒரு பக்கம் புகுந்து, மறுபக்கம் கூர்முனை மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பின்புறமாக விரியும் முட்கள் இரண்டும் சதைக்குள் இருந்தன. தொம்மை இழுத்த இழுவையில் நன்றாக விரிந்திருந்தன.

தொம்மை அவரை எப்படி வள்ளத்தில் ஏற்றினான் என்று அவனுக்கே தெரியாது. கை ஏதேதோ செய்தது. ஆசான் பலகையில் உட்கார்ந்து, யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்தார்.

"முனையக் கழத்துலே," என்றார்.

அந்தக் கரையில் எவன் ஈட்டி வைத்திருந்தாலும் முனை தனி, கம்பு தனி. மரை போட்டுத் திருகியிருக்கும். மனிதன்மேல் ஏறிவிட்டால், முனையை விரலால் பிடித்துக்கொண்டு கம்பைத் திருகி, வந்த வழியே உருவிவிடுவார்கள். முனையை முன்பக்கமாக வாங்கிக்கொள்வார்கள். தெரிந்த வேலைதான்.

தொம்மை அசையவில்லை.

"என்னலே?"

"கழலாது ஆசானே. வெல்டு வச்சுட்டேன்."

ஆசான் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஈட்டி ஏறியபோது வராத வலி அப்போது அவர் முகத்தில் வந்தது. கரைக்கு விடச் சொன்னார்.

வெல்டு வைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

தொம்மை பொடியன் அல்ல. மீன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், தலை நரைத்தவன். லாரி வேண்டாம் என்று வந்து ஆசானிடம் சேர்ந்தான். சேர்ந்த அன்று அவன் கேட்ட முதல் கேள்வி, தனக்கு எப்படிப்பட்ட ஈட்டி வேண்டும் என்பது. நீளமா, குட்டையா, ஒற்றை முனையா, சூலம் மாதிரியா என்று அடுக்கினான்.

ஆசான் சுவரில் சாய்த்திருந்த ஈட்டி ஒன்றை எடுத்து அவன் கையில் கொடுத்தார். கொல்லையில் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது. ஊறிப்போன மட்டை.

"குத்து," என்றார்.

குத்தினான். வெண்ணெயில் போவது போலப் போயிற்று.

"எடு."

வரவில்லை. மிதித்துக்கொண்டு இழுத்தான். படுத்துக்கொண்டு இழுத்தான். நாரெல்லாம் முள்ளில் சுற்றிக்கொண்டது. ஆசான் உள்ளே போய்க் கஞ்சி குடித்து, வெற்றிலை போட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தார். தொம்மை அப்போதும் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆசான் ஒன்றும் சொல்லவில்லை. தொம்மை புரிந்துகொண்டான். அதாவது, புரிந்துகொண்டதாக நினைத்தான். முள் நல்ல முள்ளாக இருந்தால் புகுந்தது திரும்பாது. ஈட்டி என்றால் அப்படி இருக்க வேண்டும். அவன் எடுத்துக்கொண்ட பாடம் அதுதான். இருப்பதிலேயே பெரிய முள்ளாகப் பார்த்து வாங்கினான்.

பிறகு ஒருநாள் பெரிய களவா ஒன்று முறுக்கிய முறுக்கில் மரை கழன்று, முனையோடு போய்விட்டது. ஊரே சிரித்தது. முனையைத் தானமாகக் கொடுத்த தொம்மை என்று பெயர் வைத்தார்கள். அவன் புது முனை வாங்கினான். இனிமேல் கழலக் கூடாது என்று முடிவு செய்தான்.

ஊரில் வெல்டிங் பட்டறை ஒன்றுதான். அது அவன் தம்பி கஸ்பாருடையது. தொம்மை அங்கே போக முடியாது. இருவருக்கும் பேச்சு இல்லை.

பேச்சு நின்றது அப்பா கடலில் இறந்த வருடம். கஸ்பார்தான் எப்போதும் அவரோடு வள்ளத்தில் போவான். அன்று யாருடைய எஞ்சினையோ பிரித்துப் போட்டிருந்ததால் போகவில்லை. வள்ளம் கவிழ்ந்தது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது, ஊரார் அத்தனை பேர் முன்னாலும் தொம்மை தம்பியிடம் சொன்னான்:

"நீ கூடப் போயிருந்தா அப்பா கரைக்கு வந்திருப்பாரு."

கஸ்பார் கையிலிருந்த மண்ணைக் குழியில் போடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதன்பின் கடலில் இறங்கவில்லை, அண்ணனிடம் பேசவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும்.

எனவே தொம்மை ஈட்டியை வேறொருவன் கையில் பட்டறைக்குக் கொடுத்தனுப்பினான். ஈட்டி போன மாதிரியே திரும்பி வந்தது. முனை கழலத்தான் வேண்டும் என்று கஸ்பார் சொன்னதாகக் கொண்டுவந்தவன் சொன்னான். தம்பி வன்மம் வைத்துச் செய்கிறான் என்று தொம்மைக்குப் பட்டது. பஸ் ஏறி டவுனுக்குப் போனான். அங்கே இருந்தவன் எதுவும் கேட்கவில்லை, கெட்டியாகப் பற்றவைத்துக் கொடுத்தான். வைத்த இடம் தெரியாமல் தொம்மை கறுப்புப் பெயிண்ட் அடித்தான். ஆசானிடம் காட்டவில்லை.

இவ்வளவுதான் கதை.

கரையில் ஆசானை மணலில் கிடத்தினார்கள். கம்பு ஆள் உயரத்துக்கு மேல் நீளம். யாராவது பக்கத்தில் நடந்தாலே அது ஆடியது. அது ஆடினால் ஆசானின் தாடை இறுகியது. இப்படியே ஆட்டோவில் ஏற்ற முடியாது, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் குழிதான் அதிகம். கம்பை அறுக்காமல் அவரை அசைக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எல்லோரும் தொம்மையைப் பார்த்தார்கள்.

"உன் தம்பியக் கூட்டிட்டு வா," என்றார் ஆசான்.

தொம்மை யாரையாவது அனுப்புவதாகச் சொன்னான்.

"குத்துனது யாராவதா?"

தொம்மை போனான்.

பட்டறை வாசலில் நின்றான். அத்தனை வருடத்தில் அங்கே நின்றதில்லை. கஸ்பார் குனிந்து ஏதோ இரும்புக் கதவுக்குக் கம்பி வளைத்துக்கொண்டிருந்தான். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தான். அண்ணனின் ஈர உடம்பையும், கையில் காய்ந்திருந்த ரத்தத்தையும் பார்த்தான்.

தொம்மை வாயைத் திறந்தான். ஆசான், கால், ஈட்டி என்று மூன்று சொல் வந்தது.

"கழலுமா?" என்று கேட்டான் கஸ்பார். அத்தனை வருடத்துக்குப் பிறகு தம்பியின் வாயிலிருந்து வந்த முதல் சொல் அது.

"கழலாது."

கஸ்பார் கிரைண்டரை எடுத்து, திரும்பக் கீழே வைத்தான். சூடு சதைக்கு ஏறும், அது ஆகாது. இரும்பறுக்கும் ஆக்ஸா பிளேடும் அரமும் எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கம்பு ஆடாமல் ஒருவன் பிடிக்க வேண்டும், ஒருவன் அறுக்க வேண்டும். தொம்மை முழங்காலிட்டு, சதைக்குப் பக்கத்தில் இரண்டு கையாலும் கம்பைப் பிடித்தான். கஸ்பார் அவனுக்கு எதிரே உட்கார்ந்து அறுத்தான். இருவர் நெற்றியும் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டன. பிளேடு போகும்போதும் வரும்போதும் அதிர்வு தொம்மையின் கைமுட்டிக்குள் ஏறியது. ஆசானுக்குள் அது எப்படி ஏறும் என்று நினைத்தான். நினைத்தபின் அவனால் ஆசானின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தான். தம்பி கம்பைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

கம்பு அறுந்து மணலில் விழுந்தது. சதைக்கு வெளியே விரலளவு மிச்சம்.

கஸ்பார் பிளேடை வைத்துவிட்டு அரத்தை எடுத்தான். அறுத்த வாயை ராவினான். கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். திரும்பவும் ராவினான்.

"லே, மோதிரமா பண்ணுதே?" என்றார் ஆசான்.

"அறுத்த இந்த முனையும் உங்களுக்குள்ள பூந்துதான் வெளிய வரணும் ஆசானே. பிசிறு இருக்கக் கூடாது."

பிசிறு போகும்வரை ராவினான். பிறகு சாமான்களை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

இனி இழுக்க வேண்டியதுதான். பின்னால் இழுத்தால் முள் சதையைக் கொத்தாகக் கொண்டுவரும். முன்னால்தான் போக வேண்டும். கால் வீங்கிக்கொண்டு வந்தது, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை காத்திருக்க நேரம் இல்லை. தொம்மை தம்பியைப் பார்த்தான். அறுக்கத்தான் வந்தேன் என்று சொல்லி, கஸ்பார் நாலடி தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டான். தொம்மை கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் கடலைப் பார்த்தது.

"இழு," என்றார் ஆசான்.

"என்னால முடியாது ஆசானே. உங்களுக்கு வலிக்கும்."

"இப்ப வலிக்கலையா?"

"கை நடுங்குது."

"குத்தும்போது நடுங்கலையே."

தொம்மை வெளியே தெரிந்த கூர்முனையைத் துணியால் சுற்றிப் பிடித்தான். அவன் ஆசை ஆசையாகத் தீட்டிய முனை. துணியைக் கிழித்துக்கொண்டு அவன் உள்ளங்கையையும் அது அறுத்தது. விடாமல் இழுத்தான். முள் இரண்டும் வெளியே வந்தன. பிறகு கம்பின் மிச்சம் வந்தது. ஆசானின் சத்தம் அப்போதுதான் வந்தது. அப்படி ஒரு சத்தம் அந்த மனிதரிடமிருந்து வரும் என்று அந்தக் கரையில் ஒருவரும் நினைத்ததில்லை. தொம்மை அந்த இரும்பைக் கையில் வைத்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டான். யாரோ வந்து விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து அதை வாங்க வேண்டியிருந்தது.

ஆசானை ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள், திட்டினார்கள், ஊசி குத்தினார்கள். கால் பிழைத்தது. கொஞ்சம் சாய்ந்து நடப்பார், அவ்வளவுதான்.

அவர் வீடு திரும்பியபின் தொம்மை தினமும் கஞ்சி கொண்டுபோனான். மன்னிப்புக் கேட்டான். ஆசான் கையை அசைத்து, ஈ ஓட்டுவது போல அதை ஓட்டினார். கடலுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டார். இனி வரவில்லை என்றான் தொம்மை.

"ஏன்?"

"பாடத்தைத் தப்பாப் படிச்சிருக்கேன். நீங்க அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே."

"குத்துன்னு சொன்னீங்க."

"அப்புறம்?"

தொம்மை கொல்லையைப் பார்த்தான். மட்டைக் குவியல் அங்கேயே கிடந்தது. எடு என்று அவர் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.

பிறகு, கேட்க வந்ததைக் கேட்டான். கஸ்பார் அன்று வந்தது ஆசானுக்காகத்தான். அதன்பின் தன்னோடு ஒரு சொல் பேசவில்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அவன் நடப்பது கேட்கிறது. கல்லறைத் தோட்டத்தில் தான் விட்ட சொல் அவனுக்குள் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றித் தானே பேசப் போனால் அவனுக்கு இன்னும் வலிக்கும். ஆசான் சொன்னால் கேட்பான், பெரிய மனுசனாகப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

ஆசான் கஞ்சியைக் குடித்து முடித்தார். தொம்மையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அறுத்த இடம் கறுத்துப் பொருக்குத் தட்டியிருந்தது.

"கம்ப அறுத்தது யாருலே?"

"கஸ்பார்."

"முனைய எடுத்தது?"

தொம்மை கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். ஆசான் விடவில்லை.

"தொம்மைதான் எடுத்தான். இதையும் அவன்தான் எடுக்கணும்," என்றார்.