மேகம் விட்ட முசு

மனிதர்கள் வந்து தங்கிப் போக விடுதி ஒன்று கட்டியிருந்த ஒரு காட்டில், நெடுவாலன் என்று ஒரு முசு இருந்தான். முசு என்றால் தெரியுமா, பிள்ளைகளே? முகம் கறுத்து, உடம்பு சாம்பல் பூத்து, வால் மட்டும் கணக்கில்லாமல் நீண்ட குரங்கு. அந்த வாலைப் பற்றி நெடுவாலனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஓடைக்கரை மருத மரத்தின் உச்சிக்கிளைதான் அவன் இடம். அடியில் புள்ளிமான்கள் மேயும். தூரத்தில் சிறுத்தை வருவது உச்சியில் இருப்பவனுக்குத்தானே முதலில் தெரியும்? தெரிந்ததும் "கக், கக்" என்று குரல் கொடுப்பான். மேட்டுக்கு அப்பால் மேய்கிற மானுக்கும் அந்தக் குரல் கேட்கும். அடுத்த மூச்சில் எல்லாம் புதருக்குள் போய்விடும். சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பும்.

காவலுக்கு நடுவே, மான்களுக்கு எட்டாத கொழுந்துகளை ஒடித்துக் கீழே போடுவதும் உண்டு. கிளை ஆடினாலே போதும், குட்டிகள் வாயைத் திறந்துகொண்டு ஓடிவந்து நிற்கும்.

அந்த மான் கூட்டத்தில் மருளி என்று ஒருத்தி இருந்தாள். பெயருக்கு ஏற்ற பயந்தாங்கொள்ளி. சருகு உருண்டாலும் துள்ளி விழுவாள். சும்மா பயப்படுகிறவள் இல்லை. தலைச்சன் குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தவள். அடி வாங்கியவளுக்குத்தானே வலி தெரியும். இப்போது துள்ளி என்று ஒரு குட்டி இருந்தது. அதை மருத மரத்தடியிலேயே வைத்து வளர்த்தாள். நெடுவாலன் மேலே இருந்தால்தான் அவளுக்குத் தண்ணீரே தொண்டையில் இறங்கும். நெடுவாலனை அவள் அண்ணா என்பாள். துள்ளிக்கு அவன் மாமா.

இப்படி மதிப்போடு இருந்த நெடுவாலனுக்கு ஒரு குறை.

"எத்தனை தடவை காப்பாற்றியிருக்கிறேன்! குரல் கேட்டதும் ஓடுகிறார்கள். ஒருவராவது அண்ணாந்து என்னைப் பார்த்தது உண்டா?" என்று தனக்குள் புழுங்குவான்.

உயிருக்குப் பயந்து ஓடுகிறவர்கள் நின்று கும்பிடு போட்டுவிட்டா ஓடுவார்கள்? அது அவன் மண்டையில் ஏறவில்லை.

விடுதிக்குப் பின்னால் ஒரு வாகை மரம். அதில் அண்டங்காக்கை ஒன்று கடை வைத்திருந்தது. விடுதிக்கு வருகிறவர்கள் மறந்து போட்டதை, கண் அசந்தபோது காக்கை தூக்கியதை எல்லாம் அங்கே பார்க்கலாம். சீப்பு, கறுப்புக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. களவு மால்தான்; ஆனால் காக்கையிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது பொய் சொல்லி விற்காது.

ஒருநாள் நெடுவாலன் அந்தப் பக்கம் போனபோது, இதுவரை பார்க்காத இரண்டு சாமான்கள் பொந்தில் இருந்தன. ஒன்று மூங்கில் குச்சி போல ஒல்லியாக இருந்தது. இன்னொன்று கூழாங்கல் போலக் கனத்த பெட்டி.

"இது என்ன?"

"புகைக் கருவி, முசுவாரே. இந்த முனையை வாயில் வைத்து இழுத்தால் மேகம் மாதிரி புகை வரும். ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். விடுதியில் இரண்டு இளவட்டங்கள் எது உசத்தி என்று பொழுது போகும் வரை சண்டை போட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது."

"எது உசத்தியாம்?"

"குச்சிக்குப் பதினைந்து வாட். பெட்டிக்கு இருநூறு வாட்."

"வாட் என்றால்?"

"பலம். வாட் ஏற ஏறப் புகை பெருகும். பேட்டரியும் அதே வேகத்தில் தீரும். குடத்துத் தண்ணீர் மாதிரி என்று வைத்துக்கொள்ளும். மொண்டு மொண்டு குடித்தால் பொழுதுக்கும் வரும். கவிழ்த்தால் கொஞ்ச நேரம் அருவி, அப்புறம் வெறுங்குடம். சரி, உமக்கு எதற்கு இது?"

"காவலுக்கு."

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. "காவலுக்கா? உமக்குத்தான் குரல் இருக்கிறதே."

"குரலை யார் பார்க்கிறார்கள்?" என்றான் நெடுவாலன்.

முதலில் குச்சியை எடுத்து இழுத்தான். நூல் போலப் புகை வந்து, பக்கத்து இலையைத் தாண்டுவதற்குள் கரைந்தது. பிறகு பெட்டியை எடுத்தான். ஒரே இழுப்பு! மரத்தையே மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகை திரண்டு, கிளை கிளையாக இறங்கிப் புல்லில் படிந்தது. கத்திக்கொண்டிருந்த மைனாக்கள் வாயடைத்தன. கீழே தோகை விரித்து நின்ற மயில் ஒன்று, மெதுவாகத் தோகையை மடக்கிக்கொண்டு நடந்தது.

மயில் மடக்கியதைப் பார்த்தானோ இல்லையோ, நெடுவாலன் முடிவு செய்துவிட்டான்.

"இதையே கொடு."

"யோசித்துச் சொல்லும். பொழுதுக்கும் காவல் என்றால் குச்சிதான் தாங்கும். பெட்டியை நிறைய இழுத்தால் மத்தியானம் தாண்டாது. இன்னொன்று, இரண்டுமே தொண்டைக்கு ஆகாது. அந்த இளவட்டங்கள் விடிய விடிய இருமினார்கள்."

"மான்கள் தலை குனிந்து மேய்கிறவர்கள். புகை புல் வரை இறங்கினால்தானே அவர்கள் கண்ணுக்குப் படும்? குச்சிப் புகை யாருக்குத் தெரியும்?"

காரணம் நல்ல காரணம்தான், பிள்ளைகளே. என்ன, அது மயிலைப் பார்த்த பிறகு வந்த காரணம்.

"உம் இஷ்டம்," என்றது காக்கை. "தினமும் ஒரு கொத்து அத்திப்பழம் கொடும். சாயங்காலம் நானே வந்து வாங்கிப் போய், விடுதிக் காவலர் கொட்டகையில் சார்ஜ் போட்டுக் காலையில் தருகிறேன்."

நெடுவாலன் பெட்டியோடு மருத மரத்துக்கு வந்தான். மான்களைக் கூப்பிட்டு, "இனிமேல் கத்தமாட்டேன். வெள்ளைப் புகை இறங்கினால் சிறுத்தை என்று அர்த்தம்" என்றான்.

மருளிக்கு அது பிடிக்கவில்லை. "மேயும்போது எங்கள் கண் புல்லில் இருக்கும் அண்ணா. காதுதான் நிமிர்ந்திருக்கும். உங்கள் குரலே போதுமே."

"புல்லுக்கே வருகிற புகை தங்கச்சி. பார்க்கத்தானே போகிறாய்."

பார்க்கவும் பார்த்தாள். சில நாளில் சிறுத்தை வந்தது. நெடுவாலன் இழுத்து விட்ட புகை மளமளவென்று புல்லில் இறங்க, மான்கள் பறந்தன. சிறுத்தைகூடத் தும்மிக்கொண்டு திரும்பியது. ஆபத்து போனதும் மான்கள் எல்லாம் மரத்தடிக்கு வந்து, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தன. துள்ளி, "மாமா மேகம் விடுகிறார்" என்று குதித்தது. நெடுவாலனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றோடு குரல் கொடுப்பதை விட்டான். அதோடு போயிற்றா? காலையில் பாறை மேட்டுக்குப் போவான். மற்ற முசுக்கள் வெயில் காய்கிற இடம் அது. அங்கே நடுவில் உட்கார்ந்து, மேகமாக விடுவான். "இன்னொன்று, இன்னொன்று" என்று அவை கேட்கும். கேட்டால் இவன் விடாமல் இருப்பானா? காவலுக்கு வந்து சேரும்போது பேட்டரி பாதிக்கு மேல் காலியாகியிருக்கும். 'சிறுத்தை தினமுமா வருகிறது? ஒரு இழுப்புக்கு மிச்சம் இருந்தால் போதாதா?' என்று சமாதானம் சொல்லிக்கொள்வான். அழகு பார்த்தவன் அளவு பார்க்கவில்லை.

நாளாக ஆகத் தொண்டை கரகரத்தது. அப்புறம் இருமல். பேசினால் ஓட்டைத் துருத்தி போலக் காற்றுதான் அதிகம் வந்தது.

"அண்ணா, உங்கள் குரல் ஏன் இப்படி ஆகிவிட்டது?" என்று மருளி கேட்டாள்.

"பனிக்காற்று," என்றான் நெடுவாலன்.

துள்ளி எங்கேயோ போய்த் துளசிக் கொத்து ஒன்றைக் கவ்வி வந்து மரத்தடியில் போட்டது. "மாமா, இதைத் தின்றால் சரியாகிவிடும்" என்றது. "அப்புறம் தின்கிறேன்" என்றவன் அதை எடுக்க இறங்கவே இல்லை. இறங்கினால் புகையை நிறுத்தச் சொல்வார்களோ என்று அவனுக்கு உள்ளுக்குள் பயம்.

கோடை வந்தது. மரத்தடியில் ஓடை வற்றி, தண்ணீருக்கு அதன் கீழ்மடு வரை போக வேண்டியிருந்தது. ஒருநாள் பிற்பகல், வெயில் தாழ்ந்த நேரம். மான் கூட்டம் தண்ணீருக்குக் கிளம்பியது. துள்ளி கோரைப்புல்லுக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. மருளி மரத்தைப் பார்த்தாள்.

"அண்ணா, குட்டி தூங்குகிறது. எழுப்ப மனமில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு ஓடிவருகிறேன். பார்த்துக்கொள்ளுங்கள்."

நெடுவாலன் வாலை அசைத்துச் சரி என்றான். அன்று பாறை மேட்டில் பக்கத்துக் காட்டு முசுக்கள் விருந்துக்கு வந்திருந்தன. பெட்டி காலையில் சும்மா இருக்கவே இல்லை.

மருளி போன கொஞ்ச நேரத்தில், மேட்டுச் சரிவில் காய்ந்த புல் அசைந்தது. காற்று இல்லாமல் அசைந்தது. நெடுவாலன் எழுந்து நின்று பார்த்தான். சிறுத்தைதான். ஆனால் அது துள்ளியைப் பார்க்கவில்லை. புல்லுக்குள் அசையாமல் கிடந்த குட்டி அதன் கண்ணில் படவில்லை.

நெடுவாலன் பெட்டியை வாயில் வைத்து இழுத்தான். ஒரு சிவப்பு விளக்கு இரண்டு தரம் மின்னி அணைந்தது. புகை வரவில்லை. தட்டினான், உதறினான், மறுபடியும் இழுத்தான். இருநூறு வாட்டில் ஒரு வாட்டும் இல்லை.

சரி, குரல் இருக்கிறதே என்று வாயைத் திறந்தான். காற்று வந்தது. அடிவயிற்றிலிருந்து எக்கி இன்னொரு தரம் முயன்றான். இருமல் வந்தது. மேட்டுக்கு அப்பால் கேட்ட அந்தக் குரல், மரத்தடிக்குக்கூட எட்டவில்லை. கீழ்மடுவில் இருந்த மருளிக்கு எப்படிக் கேட்கும்?

என்ன செய்வதென்று தெரியாமல், கிளையைப் பிடித்துப் பலம் கொண்ட மட்டும் உலுக்கினான்.

கொழுந்துகள் உதிர்ந்தன. துள்ளி கண் விழித்தது. மாமா தழை போடுகிறார் என்று நினைத்து, புல்லை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, மரத்தடியில் நின்று வாயைத் திறந்து அண்ணாந்து பார்த்தது.

நெடுவாலன் கையை வீசினான். ஓடு, ஓடு என்று வாயசைத்தான். துள்ளி வாலை ஆட்டியது. அவன் பெட்டியைப் போட்டுவிட்டுக் கிளைக்குக் கிளை தாவி இறங்கினான். அவன் தரைக்கு வந்தபோது, நசுங்கிய புல்லும் சிதறிய கொழுந்தும்தான் அங்கே இருந்தன.

மருளி வந்தாள். புல்லைப் பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்து மோந்தாள். பிறகு நெடுவாலன் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்கள் பார்க்கவில்லையா அண்ணா?"

தலையை ஆட்டி இல்லை என்றிருந்தால் போதும். கண் அசந்துவிட்டான் என்று நினைத்து அவள் மன்னித்திருப்பாள். நெடுவாலனுக்கும் அது தெரிந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவனால் முடியவில்லை. பார்த்தேன் என்று தலையசைத்தான்.

"பார்த்தும்..." என்ற மருளி திரும்பி நடந்தாள். மான் கூட்டமும் அவள் பின்னால் போனது.

பொழுது சாய, அண்டங்காக்கை வழக்கம்போல வந்து சேர்ந்தது. மரத்தடியில் கிடந்த பெட்டியை அலகால் புரட்டிப் பார்த்தது.

"பேட்டரி காலி போலிருக்கிறது. சார்ஜ் போட்டுக் காலையில் கொண்டுவரட்டுமா?"

நெடுவாலன் பெட்டியை எடுத்து, மடுவில் ஆழமான இடம் பார்த்து எறிந்தான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

அதன் பிறகு மான்கள் ஓடைக்கு அக்கரையில் மேய்ந்தன. அங்கே ஒரு நாவல் மரத்தில், வால் அறுந்த முசு ஒன்று காவலுக்கு இருந்தது. பார்க்க லட்சணம் போதாது. ஆனால் கத்தினால் காது கிழியும். மருளி அந்த மரத்தடியில்தான் தண்ணீர் குடித்தாள்.

புகையைக் கைவிட்ட நெடுவாலனுக்கு, மழைக்காலம் முடிவதற்குள் இருமல் நின்றது. பிறகு மெல்ல மெல்லக் குரலும் வந்தது. ஒருநாள் மேட்டுச் சரிவில் புல் அசையக் கண்டு, "கக், கக்" என்று பழையபடியே கத்தினான். காடு முழுக்கக் கேட்டது.

மருத மரத்தடியில் ஓடுவதற்கு யாரும் இல்லை.

நீதி: பெரிதாய்த் தெரிவது வேறு, வேளைக்கு உதவுவது வேறு.