சுவத்துல எழுதின பூங்கோதை

ஒரு ஊர்ல ஒரு இங்கிலீஷ் டீச்சர் இருந்தாங்க. பேரு ரெஜினா. ம் சொல்லு, சொன்னாத்தான் மேல போவேன். ஆங்.

அந்த டீச்சருக்கு இலக்கணம்னா உசிரு. ஒரு ஆள் எப்படிப்பட்டவங்கன்னு சொன்னா அது அட்ஜெக்டிவ், ஒரு வேலையை எப்படிச் செய்றாங்கன்னு சொன்னா அது அட்வெர்ப். பிள்ளைங்க ரெண்டையும் போட்டுக் குழப்பிடக் கூடாதுன்னு, பெயிண்டரைக் கூப்பிட்டு வகுப்புச் சுவத்துலயே நீலப் பெயிண்ட்ல உதாரணம் எழுத வச்சுட்டாங்க. உதாரணத்துக்கு யாரு? அன்னைக்குக் கால்ல மாவுக்கட்டோட டொக்கு டொக்குனு உள்ள வந்த பூங்கோதை. "பூங்கோதை இஸ் ஸ்லோ. பூங்கோதை வாக்ஸ் ஸ்லோலி." ஒரு பிள்ளை பேரைப் போயா சுவத்துல எழுதுவாங்க? எனக்கு வர்ற கோவத்துக்கு!

மாவுக்கட்டை ரெண்டு மாசத்துல பிரிச்சாச்சு. சுவத்துல இருந்தது மட்டும் அப்படியே இருந்துச்சு.

அப்புறம் அடுத்த மாசம் விளையாட்டு விழான்னு சொன்னாங்க. ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் எழுத பி.டி. சார் வந்தாரு. பூங்கோதைக்கு ஓடணும்னு கொள்ளை ஆசை. பாதிக் கையைத் தூக்கினா. உடனே மொத்த வகுப்பும் கோரஸா, "பூங்கோதை இஸ் ஸ்லோ!" தூக்கின கை சர்ருனு இறங்கிடுச்சு. டீச்சர் என்ன பண்ணாங்க தெரியுமா? பிள்ளைங்க தப்பில்லாம சொல்லுதுங்கன்னு சந்தோஷப்பட்டாங்க!

அப்புறம் ஒருநாள் சோன்னு மழை. பிள்ளைங்க எல்லாம் தடதடன்னு வகுப்புக்கு ஓடிவருதுங்க. பூங்கோதை மட்டும் சொட்டச் சொட்ட நனைஞ்சுக்கிட்டே நடந்து வர்றா. "ஏண்டி ஓடி வரல?"ன்னாங்க டீச்சர். "நடந்தே வர்றேன் மிஸ்"னா. டீச்சருக்கு என்னமோ உறுத்துச்சு, ஆனா விட்டுட்டாங்க.

மூணாவதா, பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஆபீசர் வந்தாரு. ம்? முழிச்சிருக்கியா? பூங்கோதையை எந்திரிச்சு நிக்கச் சொல்லி, "உன்னைப் பத்தி ரெண்டு வாக்கியம் சொல்லும்மா"ன்னாரு. அவ கையைக் கட்டிக்கிட்டு, கணீர்னு, "பூங்கோதை இஸ் ஸ்லோ. பூங்கோதை வாக்ஸ் ஸ்லோலி"ன்னா.

"வெரி குட்! ஒரு தப்பு கூட இல்ல!"ன்னு ஆபீசர் கை தட்டினாரு. எல்லாரும் படபடன்னு தட்டினாங்க. டீச்சர் மட்டும் தட்டப் போன கையை இறக்கிட்டாங்க. ஐயையோ, தன் வாயாலேயே சொல்லுதே இந்தப் பிள்ளை!

அன்னைக்குச் சாயங்காலம் டீச்சர் பஸ்ஸுக்கு நிக்கிறாங்க. எதிர்த்தாப்புல கண்மாய்க் கரையில ஈ காக்கா இல்ல. அப்போ விர்ர்ர்ருனு ஏதோ போச்சு. ஆட்டுக்குட்டியான்னு பார்த்தா, பூங்கோதை! முதுகுல பை குதிக்குது, காலு தரையிலயே படல. டீச்சர் வாயைப் பொளந்துட்டாங்க.

"ஏய் பூங்கோதை! நில்லுடி!"

டக்குனு நின்னா. நின்னுட்டு, மெதுவா நடந்து வந்தா.

"இப்படி ஓடுறவ பள்ளிக்கூடத்துல ஏண்டி நடக்குற?"

"நான் ஓடினா, நீங்க சுவத்துல எழுதினது தப்பாயிடும்ல மிஸ்."

டீச்சர் அப்படியே ரோட்டோரமா உக்காந்துட்டாங்க. பஸ் வந்துச்சு, பாம் பாம்னு அடிச்சுட்டுப் போயிடுச்சு. இத்தனை நாள் இந்தப் பிள்ளை எனக்காக நடந்துச்சான்னு நினைச்சு நினைச்சு அழுதாங்க.

அப்புறம் எந்திரிச்சு, அவ கையைப் பிடிச்சுக்கிட்டு வகுப்புக்கே திரும்பிப் போனாங்க. ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, சுவத்தைக் கரகரன்னு சொரண்டினாங்க. நீலம் நீலமா உதிருது. பூங்கோதை பதறிட்டா.

"மிஸ், மிஸ், என் பேரு!"

"தப்பு என் மேலடி. நாளைக்குத்தானே பந்தயம்? உன் பேரை நானே சார்கிட்ட கொடுக்கிறேன்."

"அப்போ சுவத்துல என்னைப் பத்தி என்ன மிஸ் எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுதமாட்டேன். நீ ஓடு, நான் பார்க்கிறேன்."

மறுநாள் பி.டி. சார் பீப்புனு விசிலை ஊதினாரு. ஓடினா பாரு! கோரஸா கத்துற அந்த வகுப்பு இருக்கே, மொத்தமும் வாயடைச்சு நின்னுச்சு. அவளைப் பத்திச் சொல்ல ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை வரல.

கதை அவளோட ஓடிப்போச்சு. நீ கண்ணை மூடு தங்கம்.