கரடி சேர்த்த நாற்பது நாள் தேன்

ஒரு காட்டில் ஒரு கோயில் இருந்தது, பிள்ளைகளே. ஓலைக் கூரை, மரச் சிலுவை, வாசலில் ஒரு பெரிய மண்பானை. அந்தக் கோயிலுக்குப் பங்குச் சாமியார் ஓர் ஆமை. அவர் நடை மெதுவாக இருந்தாலும், பேச்சு சுருக்கமாக இருக்கும்.

சாம்பல் புதன் அன்று எல்லா விலங்குகளின் நெற்றியிலும் சாம்பல் பூசிவிட்டு ஆமைச் சாமியார் சொன்னார்: "தவக்காலம் தொடங்கிவிட்டது. நாற்பது நாளும் உங்கள் தீனியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்ததை வாசல் பானையில் போடுங்கள். பசித்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்."

அணில் சூசை மெல்ல எழுந்து, "நான் தினம் இரண்டு அத்திப்பழம் தின்பேன், சாமி. இனி ஒன்று போதும்," என்றது. அதை யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குள் கரடி சவரிமுத்து எழுந்து நின்றுவிட்டது.

"நான் தேனையே விட்டுவிடுகிறேன்," என்றது கரடி. "ஒரு சொட்டுக்கூட என் நாக்கில் படாது."

கோயிலே வாயைப் பிளந்தது. கிளி பிலோமினா, "சவரிமுத்து அண்ணன் மகா தவசி, மகா தவசி," என்று காடெங்கும் கத்திக்கொண்டு பறந்தது. ஒரு செய்தி காதில் விழுந்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் கிளிக்குத் தூக்கம் வராது.

கரடி சொன்ன சொல் தவறவில்லை. தேன் தின்னவில்லை. கிழங்கும் கறையானும் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டது. நெற்றிச் சாம்பல் அழிந்துவிடுமே என்று குளிக்கவும் இல்லை. எதிரே யாராவது வந்தால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெருமூச்சு விடும். யாரும் இல்லாவிட்டால் சாதாரணமாகத்தான் நடக்கும்.

ஆனால் தேனுக்காக மரம் ஏறுவதை மட்டும் அது விடவில்லை. தினமும் அடையைப் பிழிந்து, அந்தத் தேனை ஒரு வேங்கைமரப் பொந்தில் ஊற்றி, மரப்பட்டையால் மூடிவைத்தது. கோயில் பானையில் ஒரு துளியும் விழவில்லை.

இதை ஆமைச் சாமியார் பார்த்துவிட்டார். "தேனைத்தான் விட்டுவிட்டாயே, சவரிமுத்து. பிறகு ஏன் சேர்க்கிறாய்?"

"சோதனை கண்முன்னே இருந்தால்தானே சாமி தவம்? இல்லாத தேனைத் தின்னாமல் இருப்பது ஒரு பெரிய காரியமா?"

"நாற்பது நாள் முடிந்ததும் இந்தத் தேனை என்ன செய்வாய்?"

"உயிர்ப்புப் பெருவிழாவைச் சிறப்பாகக் கொண்டாட வேண்டாமா?" என்றது கரடி. சொல்லும்போதே அதன் வாயில் எச்சில் ஊறியது. சாமியார் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

நான்காம் வாரத்தில் மந்தி ஞானப்பூ கிளையிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டது. அதனால் மரம் ஏற முடியவில்லை. இரை இல்லாமல் பாலும் வற்றிவிட்டது. அதன் குட்டி அழக்கூடத் தெம்பில்லாமல் துவண்டது. ஒற்றைக் கையால் குட்டியை அணைத்துக்கொண்டு மந்தி கரடியிடம் வந்தது.

"அண்ணே, குட்டி இன்னும் இரண்டு நாள் தாங்காது. உதட்டில் தடவ ஒரு விரல் தேன் கொடுங்கள்."

கரடி கண்களை மூடிக்கொண்டது. "தங்கச்சி, அது நான் துறந்த பொருள். அதைத் தொட்டால் என் நோன்பு முறிந்துபோகும். அந்தப் பாவம் உனக்கு எதற்கு? உன் குட்டிக்காகச் செபிக்கிறேன், போ."

பக்தியைப் பார்த்தீர்களா, பிள்ளைகளே? தினமும் முழங்கை வரை கையைத் தேனில் முக்குகிற கரடிக்கு, கொடுக்கும்போது மட்டும் தொட்டால் பாவம்.

மந்தி கோயில் வாசலுக்குப் போனது. பசித்தவர்கள் எடுத்ததுபோக, பானையில் அணில் போட்ட அத்திப்பழங்கள் சில கிடந்தன. மந்தி ஒன்றைத் தின்றது. இன்னொன்றை நசுக்கிக் குட்டியின் வாயில் வைத்தது. குட்டி மெல்லச் சப்பியது. மறுநாளும் பானையில் பழம் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது.

நோன்பின் கடைசி நாளான புனித சனிக்கிழமை காலையில் கரடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மோந்து பார்த்தால் நோன்பு முறியாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மரப்பட்டையை எடுத்துவிட்டுப் பொந்துக்குள் மூக்கை நுழைத்தது. மறுநாள் விருந்தை நினைத்துக் கிறங்கிப்போய், திரும்ப மூடவும் மறந்து குகைக்குப் போய்விட்டது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் கரடி எல்லாரையும் வேங்கைமரத்துக்கு அழைத்தது. "என் தவம் எவ்வளவு பெரிது என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள்." கிளி முன்னால் பறந்துபோய் எட்டிப் பார்த்தது. "பொந்து காலி, பொந்து காலி," என்று கத்தியது.

பொந்து வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. மணம் பிடித்து வந்த தேனீக்கள், சனிக்கிழமை ஒரே பகலில் அத்தனை தேனையும் தங்கள் கூட்டுக்கே திருப்பிக் கொண்டுபோயிருந்தன.

"என் நாற்பது நாள் நோன்பைத் தின்றது யார்?" என்று அலறியது கரடி.

"அதை எங்கே வைத்திருந்தாய்?" என்று கேட்டார் சாமியார்.

"இந்தப் பொந்தில்தான், சாமி."

"பொந்தில் வைத்த நோன்பு பொந்தோடு போயிற்று. பானையில் போட்ட நோன்பு அதோ இருக்கிறது, பார்."

சாமியார் காட்டிய கிளையில் மந்தியின் குட்டி தலைகீழாகத் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது.

அப்போது கரடியின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி இரைந்தது. விருந்தில் நிறையத் தின்னலாம் என்று அது முந்தின நாளிலிருந்தே வயிற்றைக் காயப்போட்டிருந்தது.

"பானையில் இன்னும் ஓர் அத்திப்பழம் கிடக்கிறது," என்றார் சாமியார். "பசித்தவர் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். போய் எடுத்துக்கொள்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, கரடி போய் அணிலின் பழத்தை எடுத்துத் தின்றது. அந்த மகா தவசியின் உயிர்ப்பு விருந்து அதோடு முடிந்தது.

நீதி: பசித்தவர் வாய்க்குப் போய்ச் சேராத நோன்பு, தள்ளிப்போட்ட பெருந்தீனியே.