சாம்பி சேர்த்து வைத்த உண்ணிகள்

சீத்தாமரங்கள் அடர்ந்த காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. அதில் எருமைகள் சுகமாக ஊறிக் கிடந்தன. சாம்பி என்ற எருமைக்கு மட்டும் தண்ணீரில் மனம் பதியவில்லை. அது தலையைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

அது தேடியது நெட்டையன் என்ற உண்ணிக்கொக்கை. மழைக்காலத்தில் நெட்டையன் தூரத்து ஏரிக்குப் போய்க் குஞ்சு பொரிக்கும். மழை ஓயத் தொடங்கியதும் திரும்பி வரும். வந்ததும் சாம்பியின் முதுகில் ஏறி நின்று, ஏரியில் நடந்த சண்டைகளையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லும். பேச்சின் நடுவே ஓர் உண்ணியைக் கொத்திக்கொள்ளும். முதுகில் அந்தச் சின்னப் பாரம் இருந்தால்தான் சாம்பிக்குப் பொழுது நகரும்.

மழைக்காலம் முடியப் போகிறது. நெட்டையனை இன்னும் காணோம். உண்ணிகளோ ஏகமாகப் பெருகிவிட்டன. எருமைகள் மரங்களில் உரசி உரசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டன.

அப்போது முள்ளன் என்ற முள்ளம்பன்றி வைத்தியர் தோரணையில் வந்தது.

“என்கிட்ட ஒட்டுண்ணிக்கொல்லி இருக்கு” என்றது.

“அப்படின்னா என்ன அண்ணே?” என்றது ஓர் எருமை.

“அடுத்தவன் உடம்புல இருந்துக்கிட்டு, அவன் ரத்தத்தையே குடிச்சு வாழுது பாரு, உண்ணி, பேன், இதெல்லாம் ஒட்டுண்ணி. அதைக் கொல்ற மருந்துதான் ஒட்டுண்ணிக்கொல்லி. சீத்தாப்பழக் கொட்டையை நசுக்கி வெச்சிருக்கேன்.”

“பேரைக் கேட்டாலே பாதி உண்ணி செத்துடும் போலிருக்கே!” என்று அந்த எருமை சிரித்தது.

முள்ளனுக்குக் கோபம்தான். ஆனாலும் பாறைக் குழியில் சேற்றைக் குழைத்து மருந்தைக் கலந்தது. குளத்தில் கலந்தால் மீன்கள் செத்துப்போகும் என்று அதற்குத் தெரியும். மருந்து கண்ணில் பட்டுவிடாமல் தலையைத் தூக்கிக்கொண்டு எருமைகள் அந்தச் சேற்றில் புரண்டன. உண்ணிகள் உதிர்ந்தன. பருவத்தின் கடைசி மழை வந்து உடம்பில் ஒட்டிய மருந்தையும் கழுவிவிட்டது.

சாம்பி மட்டும் குழிப்பக்கமே போகவில்லை.

“உனக்கென்ன வந்துச்சு?” என்றது முள்ளன்.

“உண்ணியெல்லாம் செத்துட்டா நெட்டையன் வந்து எதைத் தின்பான்? எதுக்காக என் முதுகுல உட்காருவான்?”

“கொக்குக்கு விருந்து வைக்க உன் ரத்தம்தான் கிடைச்சுதா?”

“இருக்கட்டும் அண்ணே. அவன் வந்தா போதும்.”

முள்ளன் தலையில் அடித்துக்கொண்டு போனது. சாம்பி மரத்தில் உரசுவதைக்கூட நிறுத்திவிட்டது. ஓர் உண்ணி உதிர்ந்தாலும் நெட்டையனுக்குக் குறைந்துவிடுமாம்! அரிப்பில் தூக்கம் போனது. உடம்பு இளைத்தது. ஆனால் வெள்ளையாக எது பறந்தாலும் ஆசையோடு எழுந்து நின்றது. ஒரு நாள் அப்படி எழுந்து நின்று வரவேற்றது இலவம்பஞ்சை.

கடைசியில் ஒரு காலையில் நெட்டையன் வந்தே விட்டது.

“கடைக்குட்டிக்கு இறக்கை முளைக்கத் தாமதமாயிடுச்சு, அக்கா” என்றபடி முதுகில் இறங்கியது.

சாம்பிக்குக் கண்ணீர் முட்டியது. “பாரு நெட்டையா, எல்லாம் உனக்காகச் சேர்த்து வெச்சது. நல்லா சாப்பிடு.”

நெட்டையன் சில உண்ணிகளைத் தின்றது. பிறகு, “வா அக்கா, புல்வெளிக்குப் போவோம்” என்றது.

சாம்பி எழுந்தது. கால்கள் நடுங்கின. நாலடி வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. நெட்டையன் பக்கத்திலேயே காத்திருந்தது. வெயில் ஏறியது. மற்ற எருமைகள் புல்லை மிதித்துக்கொண்டு நடந்தன. நெட்டையன் தயங்கித் தயங்கி அவற்றின் பின்னால் பறந்து போனது.

சாம்பிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. ரத்தத்தைக் கொடுத்தும் நிற்கவில்லையே என்று அழுதது.

மாலையில் நெட்டையன் திரும்பி வந்தது.

“ஏன் வந்தே? அங்கேயே இருக்க வேண்டியதுதானே?”

“பசிச்சுதுன்னு போனேன் அக்கா. உண்ணி எனக்கு நொறுக்குத் தீனி. நீ நடக்கும்போது புல்லுலேருந்து வெட்டுக்கிளி எழும்புமே, அதுதான் என் சாப்பாடு. உன்னால நடக்க முடியல. அதான் அவங்க பின்னாடி போனேன்.”

“அப்போ என் முதுகுல எதுக்கு வந்து உட்கார்ந்தே?”

“பேசறதுக்குத்தான். நான் சொல்ற கதையை வேற யாரு கேட்கிறா?”

சாம்பி வெட்கத்தால் தலை குனிந்தது. அன்றே தட்டுத்தடுமாறி முள்ளனிடம் போனது.

“மருந்து கலக்கித் தரேன்” என்றது முள்ளன். “ஆனா நல்ல மழை வந்து கழுவற வரைக்கும் நீ குளத்துல இறங்கக் கூடாது. உடம்பை நக்கக் கூடாது. நெட்டையன் உன் முதுகுல கொத்தவும் கூடாது, உட்காரவும் கூடாது. மருந்து உண்ணிக்குன்னு செஞ்சதுதான். ஆனா அது ஆள் பார்த்துக் கொல்லாது.”

“மழை எப்ப வரும் அண்ணே?”

“கோடை முழுசும் போகணும். முன்னாடியே கேட்டிருந்தா கடைசி மழை கழுவியிருக்கும்.”

மழை வந்தால் நெட்டையன் ஏரிக்குப் போய்விடும். அதை நினைத்துச் சாம்பி குழியோரம் தயங்கி நின்றது. ஆனாலும் சேற்றில் புரண்டது.

உண்ணிகள் உதிர்ந்தன. உடம்பு தேறியது. சாம்பி நடந்தது, வெட்டுக்கிளிகள் எழும்பின, நெட்டையன் வயிறு நிறையத் தின்றது. தரையில் சற்றுத் தள்ளி நடந்தபடியே கதை சொன்னது. சாம்பி கேட்டுக்கொண்டே நடந்தது. எல்லாம் இருந்தும் முதுகு மட்டும் அந்தப் பாரத்துக்கு ஏங்கியது.

ஒரு நாள் மேகம் கறுத்தது. கொக்குகள் ஏரிக்குப் புறப்படக் கூடின. மழை கொட்டித் தீர்த்தது. சாம்பி மேட்டில் அசையாமல் நின்றது. மருந்துச் சேறு கரைந்து காட்டுப்பக்கம் ஓடியது.

“இப்ப உட்காரலாம்” என்றது முள்ளன்.

நெட்டையன் பறந்து வந்து சாம்பியின் முதுகில் இறங்கியது.

“தின்ன ஒண்ணுமே இல்லையே, நெட்டையா” என்றது சாம்பி.

“தெரியும் அக்கா.”

மற்ற கொக்குகள் போய்விட்டன. கடைசித் தூறல் விடும்வரை நெட்டையன் அந்த முதுகிலேயே நின்றது. பிறகு ஏரியை நோக்கிப் பறந்தது. சாம்பி அழுதது. ஆனால் வருவானோ மாட்டானோ என்ற பயம் இந்த முறை அதற்கு இல்லை.

நம்மை உறிஞ்சும் துன்பத்தைக் காட்டி அன்பைப் பிடித்து வைக்க வேண்டியதில்லை. உண்மையான அன்பு வெறும் முதுகிலும் வந்து உட்காரும்.