துடைத்த வானம்

பாளையங்கோட்டையில் ஒரு தட்டச்சுப் பயிற்சிக் கூடத்தின் மாடியில், மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை, கேமராவும் கையுமாகச் சிலர் கூடுவார்கள். யாருக்கும் அது பிழைப்பு இல்லை. ஆசைக்குப் படம் எடுக்கிறவர்கள். அவர்களுக்குக் குரு ஜெசிந்தா. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. புரொஜெக்டரில் இருந்து படம் சுவரில் விழுந்ததும் எடுத்தவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் அவர் பேசலாம். எடுத்தவர் பக்கத்தில் நின்று கதை சொல்லிக்கொண்டிருந்தால் படத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பது டீச்சரின் எண்ணம். நல்ல எண்ணம்தான்.

கோமதிநாயகம் தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயது. ஆனாலும் அவர் முன்னால் பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பார். எடுக்கிற படங்கள் என்னவோ சுமார் ரகம். கண் மட்டும் கழுகுக் கண். சாய்ந்து கிடக்கும் கடல், மணமகன் தலைக்குப் பின்னால் முளைத்த விளக்குக் கம்பம், எதுவும் அவரிடம் தப்பாது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து சுவரைப் பார்த்து நடந்தாலே படம் எடுத்தவர் நோட்டைத் திறந்து வைத்துக்கொள்வார்.

கெட்ட மனசுக்காரர் இல்லை. குறை தெரிந்தும் சொல்லாமல் விடுவது துரோகம் என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

மார்கழியில் ரஹ்மத் என்று ஒரு பெண் புதிதாக வந்தாள். மருந்துக்கடையில் வேலை. கையில் யாரோ ஆண்டு அனுபவித்துத் தள்ளிவிட்ட பழைய கேமரா. முதல் தடவையாகத் தன் படத்தைக் காட்டினாள்.

ஒரு குளம். கரையில் பனைகள். மேலே சாயங்கால வானம், படத்தில் முக்கால்வாசி அதுதான்.

"நல்லாருக்கு" என்றார் ஒருவர்.

"கலர் நல்லாருக்கு" என்றார் இன்னொருவர்.

கோமதிநாயகம் எழுந்தார். சுவரை ஒட்டிப் போய், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"வானம் நல்ல வானம்தான். ஆனா பூராவும் தூசில்லா கெடக்கு! இந்தா பாருங்க, இங்க, இங்க, இந்த மூலை வரைக்கும்."

எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். ஆமாம். வானம் முழுக்கச் சின்னச் சின்னதாய், மங்கலாய், சாம்பல் நிறப் புள்ளிகள்.

"பழைய கேமராம்மா. உள்ள சென்சார்ல தூசி ஏறி உக்காந்திருக்கு. அதான் படத்துல புள்ளி புள்ளியா விழுது. பயப்படாண்டாம். கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டு அழிச்சிரலாம். நான் சொல்லித் தாரேன்."

ரஹ்மத் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வழக்கம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

அவர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். எந்த இடத்தில் தொடுவது, பக்கத்து நிறத்தை எப்படி இழுத்து மூடுவது, எல்லாம். மற்றவர்களும் குறித்துக்கொண்டார்கள். முடிந்ததும் டீச்சர் கேட்டார்.

"ரஹ்மத், இப்ப நீங்க பேசலாம். ஏதாவது சொல்லணுமா?"

அவள் சுவரைப் பார்த்தாள். கோமதிநாயகத்தைப் பார்த்தாள்.

"இல்ல டீச்சர்."

பொங்கல் கழிந்து மறுபடி கூடினார்கள். ரஹ்மத் அதே படத்தைத் திருத்திக் கொண்டுவந்திருந்தாள். வானம் தேய்த்துக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. ஒரு புள்ளி இல்லை.

சிலர் கை தட்டினார்கள். கோமதிநாயகத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. சொன்னதைக் கேட்டு அப்படியே செய்துவந்த பிள்ளையை அவர் அதுவரை அங்கே பார்த்ததில்லை.

"பாத்தீங்களா! எவ்வளவு நேரம் பிடிச்சுதும்மா?"

"தினமும் வேலை முடிஞ்சு வந்து செஞ்சேன் சார். நெறைய இருந்துச்சு."

"பலே. அடுத்து என்ன எடுக்கப் போறே?"

"இல்ல சார். இனிமே வரல. கேமராவைக் குடுத்துரலாம்னு இருக்கேன்."

அவருக்குப் புரியவில்லை. "என்னம்மா இது? நல்லா வாற நேரத்துல போறேங்கிறே?"

"எனக்குப் பாக்கவே தெரியல சார்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அது எனக்குக் குருவின்னு தெரிஞ்சுது."

"எது?"

"அந்தப் புள்ளியெல்லாம்."

யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்துவிட்டார், பாசமாகத்தான். "அவ்வளவும் குருவின்னா நம்ம ஊரு தாங்குமாம்மா?"

"அதான் சார். நீங்க சொன்னப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்டு. கூட்டமாப் பறந்த மாதிரிதான் இருந்துச்சு. அழிக்க அழிக்க, எதைப் பாத்தோம்னே தெரியாமப் போச்சு."

"மறுபடி போய்ப் பாத்திருக்கலாம்லா?"

"பயமா இருந்துச்சு சார். போயி, ஒண்ணுமே இல்லன்னா?"

டீச்சர் எழுந்து வந்தார்.

"அன்னைக்கு இந்த ஒரு படம் மட்டுந்தான் எடுத்தீங்களா?"

"அஞ்சாறு எடுத்தேன் டீச்சர். மத்ததெல்லாம் ஆடிப் போச்சு. நல்லா வந்தது இதுதான். துடைச்சு, கார்டுல இருந்த பழசு மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"ஆடினது இருக்கா?"

மெமரி கார்டில் இருந்தது. டீச்சர் அதை வாங்கி லேப்டாப்பில் செருகினார். முதல் படத்தைச் சுவரில் போட்டார். புள்ளிகள் இடது பக்கம் குவிந்து கிடந்தன. அடுத்ததைப் போட்டார். புள்ளிகள் நடுவுக்கு வந்திருந்தன. அதற்கும் அடுத்ததில் மொத்தமும் வலது பக்கம் கொட்டிக் கிடந்தன.

தூசி நகராது. கேமராவுக்குள் ஒட்டிக்கொண்ட தூசி, எத்தனை படம் எடுத்தாலும் ஒரே இடத்தில்தான் விழும். அங்கே புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லித் தருகிற பாலபாடம் இது. சொல்லித் தருகிறவர் கோமதிநாயகம்.



கோமதிநாயகம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அந்தப் பெண் கண்ணால் கண்டதை, அவள் கையாலேயே ஒவ்வொன்றாக அழிக்க வைத்திருக்கிறார். அதற்குக் கை தட்டலும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இதைவிடப் பெரிய பாவம் தன் வாழ்நாளில் செய்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த நேரத்திலும் அவருடைய பாழாய்ப் போன கண் சும்மா இருக்கவில்லை. மூன்று படத்திலும் மேல் மூலையில் ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறவே இல்லை. அது மட்டும் நிஜத் தூசி. அதைத் துடைக்காவிட்டால் இனி அவள் எடுக்கிற எல்லா வானத்திலும் அது வந்து நிற்கும்.

சொல்ல நாக்கு எழவில்லை. முழுங்கிவிட்டார்.

"டீச்சர்," என்றார். "நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நானும் தூசின்னுதான் நெனச்சேன் அண்ணாச்சி."

"அப்ப நான் இனிமே இங்க வாய் திறக்கலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்க."

டீச்சர் புரொஜெக்டரை அணைத்தார்.

"நாளைக்குச் சாயங்காலம் அந்தக் குளத்துக்கு வாங்க. கேமரா கொண்டு வரவேண்டாம்." பிறகு ரஹ்மத்தைப் பார்த்தார். "வழி காட்ட நீங்க வரணும்."

மறுநாள் மூன்று பேரும் குளத்தங்கரையில் நின்றார்கள். குளத்துக்குள் கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. தூரத்தில் பனைவரிசை. வானம் வெறுமனே கிடந்தது.

வெயில் இறங்கியது. ஒரு கொக்கு போயிற்று. ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஒருவர் போனார். வேறொன்றும் இல்லை.

ரஹ்மத் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கோமதிநாயகம் அவள் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. வந்துவிட வேண்டும், எப்படியாவது வந்துவிட வேண்டும் என்று உள்ளுக்குள் நெல்லையப்பரை வேண்டிக்கொண்டார். தான் சொன்னது முழுக்கத் தப்பு என்று அவள் கண்முன் தெரிய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

சூரியன் பனைக்குக் கீழே போயிற்று.

"சீசன் முடிஞ்சிருக்கும் டீச்சர்" என்றாள் ரஹ்மத். குரல் உடைந்திருந்தது. "இல்லன்னா அன்னைக்கும் நான்..."

"சார்" என்று அவளே கத்தினாள்.

பனைகளுக்கு மேலே யாரோ சருகு கொளுத்தியது போலப் புகை ஒன்று எழும்பியது. எழும்பிய புகை திரும்பியது. திரும்பி, நேராக இவர்களைப் பார்த்து வந்தது.

குருவிகள்.

நூறு இல்லை, ஆயிரம் இல்லை. வானத்தின் ஒரு பக்கத்தையே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தன. தலைக்கு மேல் வந்ததும் மழை இறங்குகிற மாதிரி ஓர் இரைச்சல். கூட்டம் மொத்தமும் ஒரே நொடியில் சாய்ந்தது. வானம் கறுத்தது. மறுபடி சாய்ந்தது. வெளிச்சம் கொட்டியது. இரண்டு பேர் ஒரு பட்டுப்புடவையை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறி மடிப்பார்களே, அந்த மாதிரி விரிந்து, மடிந்து, திரும்பவும் விரிந்தது. யார் சொல்லித் திரும்புகின்றன? யார் சொல்லித் தாழ்கின்றன? ஒன்றுடன் ஒன்று இடிக்கவில்லை. ஒன்றுகூடப் பின்தங்கவில்லை.

"சூறைக்குருவி" என்றார் டீச்சர் மெதுவாக. "எங்கேயோ வடக்க இருந்து பனிக்காலத்துக்கு வருதாம். நான் கேள்விப்பட்டதோட சரி. பாத்ததில்ல."

 கோமதிநாயகத்தின் சட்டையில் எச்சம் விழுந்தது. வழுக்கையில் ஒன்று விழுந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு அண்ணாந்தபடி நின்றார். கண்ணில் இருந்து தண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. வீட்டில் இருந்து ஸ்கூட்டரில் கொஞ்ச நேரம்தான். அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, இத்தனை வருடம் தெரியாமலே சாயங்காலங்களில் டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இதைப் போய் அழித்துவிடு என்று ஒரு பிள்ளைக்குப் பாடம் நடத்தியிருக்கிறார்.

கூட்டம் குளத்தின் மேல் கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு குடம் கவிழ்ந்த மாதிரி மொத்தமும் கருவேல மரங்களுக்குள் கொட்டியது. மரங்கள் கிளையெல்லாம் கூச்சலாக இரைந்தன.

ரஹ்மத் அழுதுகொண்டே சிரித்தாள்.

"நெசந்தான் டீச்சர்! நெசந்தான்!"

அவள் கரையோரம் இறங்கிப் போனாள், மரங்களைக் கிட்டத்தில் பார்க்க. கோமதிநாயகம் டீச்சர் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், ஒண்ணு சொல்லணும். நேத்து அந்த மூணு படத்துலயும் ஒரு புள்ளி நகரல."

"மேல் மூலையில."

"பாத்தீங்களா?"

"நீங்க பாத்ததைப் பாத்தேன். அப்புறந்தான் அது என் கண்ணுல பட்டுது."

"அது தூசிதான். சத்தியமாத் தூசிதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அதை எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அந்தப் பிள்ளைக்கிட்ட சொல்ல? சொன்னா மறுபடி நொறுங்கிப் போவா. சொல்லாட்டி எல்லாப் படத்துலயும் வந்து நிக்கும். எப்படிச் சொல்லணும்னு சொல்லித் தாங்க டீச்சர்."

டீச்சர் கரையைப் பார்த்துக் கை அசைத்தார்.

"ரஹ்மத், இங்க வாங்க. அண்ணாச்சி உங்ககிட்டப் பேசணுமாம்."

"டீச்சர், வேண்டாம்..."

அதற்குள் அவள் வந்துவிட்டாள். மூச்சு வாங்க எதிரே நின்றாள். கோமதிநாயகத்துக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. எல்லாப் படத்துக்கும் ஏதாவது சொல்ல இருந்த மனிதருக்கு இன்று ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. 

"என்னை மன்னிச்சிரும்மா."

"ஐயோ, சார்..."

"அந்தக் கூட்டம் தெக்க போயி, பொசுக்குன்னு திரும்பிச்சே. வானமே கறுத்து, பெறகு வெளுத்துச்சே. அந்த நேரத்துலதான் எடுத்தியோ?"

ரஹ்மத்தின் முகம் மலர்ந்தது.

"ஆமா சார்! அதேதான்! அன்னைக்கு பஸ்ஸை விட்டுட்டேன் சார். நடந்து வரும்போது தலைக்கு மேல ஒரே சத்தம். அண்ணாந்து பாத்தா... கேமராவை எடுக்கணும்னே தோணல. கை நடுங்கிச்சு. அதான் எல்லாம் ஆடிப் போச்சு. திரும்பும்போது ஒரு வெளிச்சம் வந்துச்சு பாத்தீங்களா, அதைப் பிடிக்கணும்னுதான் வானத்தை அவ்வளவு பெருசா வச்சேன். நிலத்தைக் குறைச்சதே அதுக்குத்தான்..."

இரண்டு கையும் குருவிக்கூட்டம் போலப் பறக்க அவள் சொல்லிக்கொண்டே போனாள். மார்கழியில் வாயெடுத்து மூடிக்கொண்ட எல்லாமும் இப்போது வந்தது. கோமதிநாயகம் குறுக்கே பேசவில்லை. கேட்டுக்கொண்டே நின்றார். கேட்கக் கேட்க அந்தப் படம், அழிந்து போன அந்தப் படம், ஒவ்வொரு புள்ளியாக அவருக்குத் தெரிந்தது.

அவள் நிறுத்தினாள். வெட்கத்தோடு சிரித்தாள்.

"நானே பேசிக்கிட்டிருக்கேன். நாளைக்கு மறுபடி வந்து எடுக்கப் போறேன் சார். எடுக்கும்போது என்ன பாத்துக்கணும்? நீங்க சொல்லுங்க."

கோமதிநாயகம் டீச்சரைப் பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் டீச்சர். "இனி தூசி மட்டுந்தான் போகும்."